ஏலக்கூடத்தில் ஒரு சங்கு

எனக்கு இங்கே பிற்பகல் மூன்று மணி. டொராண்டோ நண்பர்களுக்குக் காலைக் காப்பி நேரம், சிங்கப்பூர் நண்பர்களுக்கு இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். இத்தனை கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டு ஒரு சங்குக் கதை கேட்க வந்திருக்கிறீர்கள். நன்றி.

நான் பிறந்தது தூத்துக்குடி, வசிப்பது நெதர்லாந்தின் டென்ஹாக். ஏல நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. வாங்கக் காசு கிடையாது, ஆனால் பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. புரட்டப் புரட்ட ஒன்று கண்ணில் பட்டது. எந்தப் பிரிவைத் திறந்தாலும் சிப்பி அல்லது சங்கு இருக்கிறது. வெள்ளிக் கரண்டியின் பிடியில் சிப்பி. பிரெஞ்சு நாற்காலியின் முகப்பில் சிப்பி. நாட்டிலஸ் ஓட்டுக்கு வெள்ளியில் கால் வைத்துச் செய்த 17ஆம் நூற்றாண்டுக் கோப்பை. பெட்ரோல் நிறுவனத்தின் பழைய எனாமல் பலகை. அஞ்சல்தலைப் பிரிவில் திருவிதாங்கூர் சமஸ்தானம் 1888இல் வெளியிட்ட முதல் தலைகள். அவற்றின் நடுவிலும் சங்குதான். 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸின் ரொக்கோக்கோ பாணியே பெயரைப் பெற்றது தோட்டக் குகைகளில் பாறையும் சிப்பியும் பதித்துச் செய்த அலங்கார வேலையிலிருந்து.

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு பத்தி இருக்கும். அதை உடைமை வரலாறு என்று சொல்லலாம். இன்னார் வைத்திருந்தார், இன்ன ஆண்டு விற்றார், அவர் மகள் இன்னாருக்குக் கொடுத்தார் என்று போகும். பொருளின் விலையை ஏற்றுவது பெரும்பாலும் இந்தப் பத்திதான். இன்றைக்கு நான் கேட்க நினைப்பது ஒரே கேள்வி. ஒரு சங்கின் உடைமை வரலாறு எங்கே தொடங்குகிறது? பட்டியல் சொல்லும் முதல் பெயருக்கு முன்னால் யார் இருந்தார்கள்?

நான் வசிக்கும் நாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1602இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. மிளகு, கிராம்பு, ஜாதிக்காயோடு கப்பல்களில் சங்கும் சிப்பியும் வந்து இறங்கின. கம்பெனிக் கணக்கில் அவை பெரிய சரக்கு அல்ல. மாலுமிகள் தங்கள் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து துறைமுகத்தில் விற்றார்கள். சில ஆண்டுகளிலேயே அது ஒரு பித்தாகிவிட்டது. 1614இல் ரோமர் ஃபிஸ்ஸர் என்ற ஆம்ஸ்டர்டாம் கவிஞர் ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு பக்கம் முழுக்கச் சிப்பிகளை வரைந்து, முட்டாள்கள் எதில்தான் காசைப் போடுகிறார்கள் பார் என்ற பொருளில் கேலி செய்திருந்தார். கேலிக்கு யார் அஞ்சினார்கள்? பால்தாசர் ஃபன் டெர் ஆஸ்ட் போன்ற ஓவியர்கள் பழக்கூடைக்குப் பக்கத்தில் சங்குகளை வைத்து வரைந்துகொண்டே இருந்தார்கள். பணக்காரர் வீட்டில் ஓர் அலமாரி நிறையச் சிப்பி இருப்பது மதிப்பின் அடையாளமாயிற்று.

அந்தப் பித்து பிடித்தவர்களில் ரெம்பிராண்ட்டும் ஒருவர். 1656இல் கடனில் மூழ்கி அவர் சொத்துகளைப் பட்டியலிட்டபோது அதில் சிப்பிகளும் கடற்பொருட்களும் இருந்தன. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1650இல், ஒரே ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டிருந்தார். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் உள்ள சலவைக்கல் கூம்பு அது. தகட்டில் வரைந்தால் காகிதத்தில் இடவலம் மாறி வரும் என்பது அச்சுக்காரர் எல்லாருக்கும் தெரியும். ரெம்பிராண்ட் தம் கையெழுத்தை மாற்றி எழுதியதால் காகிதத்தில் அது நேராக விழுந்தது. சங்கை மட்டும் கண்ணால் கண்டபடியே வரைந்துவிட்டார். ஆகவே அச்சில் அது திசை மாறிச் சுற்றுகிறது. நம் ஊர்க்காரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் சட்டென்று சொல்லிவிடுவார்: இது வலம்புரி!

இந்தக் கப்பல்களின் மறுமுனையில் ஒருவர் இருந்தார். கியோர்க் ரம்ஃபியஸ். ஜெர்மனியில் பிறந்து, கம்பெனி ஊழியராக இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்குப் போனவர். அங்குள்ள செடி, கொடி, நண்டு, சங்கு எல்லாவற்றையும் எழுதிவைக்கத் தொடங்கினார். 1670இல் கண்பார்வை போயிற்று. 1674இல் நிலநடுக்கத்தில் மனைவி சுசன்னாவும் ஒரு மகளும் இறந்தார்கள். 1682இல் பல ஆண்டுகள் சேர்த்த சங்குகளை டஸ்கனி அரசர் மூன்றாம் கோசிமோ மெடிச்சிக்குக் கொடுக்க வேண்டி வந்தது. 1687இல் தீ விபத்தில் வரைபடங்கள் எரிந்தன. மீண்டும் எழுதச் சொல்லி அனுப்பிய தாவரநூலின் கையெழுத்துப் பிரதி போன கப்பலை 1692இல் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். நல்லவேளையாகப் பிரதிக்கு ஒரு நகல் இருந்தது. 1702இல் ரம்ஃபியஸ் இறந்தார். அவருடைய சங்கு நூல் ‘அம்போன் அரும்பொருள் அறை’ 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.

இன்று அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பே ஏலத்தில் அரும்பொருள். நான் அதில் கவனிப்பது வேறொன்று. பார்வையில்லாத ஒரு மனிதர் பல பத்தாண்டுகள் சங்குகளைப் பற்றி எழுதினார் என்றால், கடலில் இறங்கி எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தது யார்? இன்ன சங்கு இன்ன ஆழத்தில் இருக்கும், இதைத் தொடாதே, கொட்டும் என்று சொன்னது யார்? அம்போன் மீனவர்கள். ரம்ஃபியஸ் நேர்மையானவர், உள்ளூர்ப் பெயர்களை வரிக்கு வரி குறித்துவைத்தார். சங்குக்கு உள்ளூர்ப் பெயர் பதிவானது. எடுத்தவருக்குத்தான் பெயர் இல்லாமல் போயிற்று.

இனி டென்ஹாக்குக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டில் இந்த நகரத்தில் பியர் லியோனே என்ற ஒருவர் வாழ்ந்தார். அரசாங்கத்தில் ரகசியக் குறியீடுகளை அவிழ்க்கிற வேலை. ஓய்வு நேரத்தில் ஒரு கம்பளிப்புழுவின் உடற்கூற்றை நுணுக்கி நுணுக்கி வரைந்து 1760இல் நூலாக்கினார். ஓவியமும் சங்கும் சேர்த்தார். 1789இல் இறந்தார். 1791இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்று வெர்மீர் வரைந்தது. நீலச் சட்டை அணிந்த ஒரு பெண் சன்னலோரம் நின்று கடிதம் படிக்கிற படம். இன்று ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் அதன் முன் எப்போதும் கூட்டம் நிற்கும். அன்று அது போன விலை 43 கில்டர். 1796இல் டென்ஹாக்கில் அவருடைய சங்குகள் ஏலத்துக்கு வந்தன. கரீபியக் கடலிலிருந்து வந்த ஒரு கூம்புச் சங்கு, விரல் நீளம்கூட வராது, அந்த ஓவியத்தைப்போலப் பல மடங்கு விலைக்குப் போயிற்று. அதன் லத்தீன் பெயர் கெடோநுல்லி. யாருக்கும் விட்டுக்கொடேன் என்று பொருள்.

இதைக் கேட்டவுடன் சிரிக்கத் தோன்றும். அந்தக் காலத்து ஆளாக நின்று யோசித்துப் பாருங்கள். வெர்மீர் அப்போது பெரிய பெயர் இல்லை. நல்ல ஓவியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கெடோநுல்லி ஐரோப்பா முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தது. மனிதன் செய்ததைவிடப் படைத்தவன் செய்தது உயர்ந்தது என்ற எண்ணமும் அதில் உண்டு. லண்டனிலும் இதே நிலைதான். 1786இல் போர்ட்லாந்து சீமாட்டியின் சேகரிப்பு ஏலம் போனது. 38 நாள் நடந்த ஏலம், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். புகழ்பெற்ற ரோமானியக் கண்ணாடிச் சாடியும் அதில் ஒன்று. ஆனால் பட்டியலின் பெரும்பகுதி சங்கும் சிப்பியும்.

அரிது என்பதால் வந்த விலை, அரிது இல்லை என்றானால் என்ன ஆகும்? கடலின் மகிமை என்று பெயர் பெற்ற ஒரு கூம்புச் சங்கு உண்டு. கோபன்ஹேகனில் பாதிரியாராக இருந்த கெம்னிட்ஸ் 1777இல் அதை விவரித்துப் பெயரிட்டார். இவருக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் டேனியர் ஆட்சி நடந்ததல்லவா? அங்கிருந்த மிஷனரிகள், குறிப்பாகக் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சோழ மண்டலக் கரையின் சங்குகளைச் சேகரித்து அவருக்கு அனுப்பினார்கள். தரங்கம்பாடியின் பெயரையே தாங்கிய ஒரு நத்தையினம் இன்றும் அறிவியலில் இருக்கிறது. கடலின் மகிமைக்கு வருவோம். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அது சேகரிப்பாளர்களின் கனவாக இருந்தது. 1837இல் ஹியூ கமிங் பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் ஒரு கல்லைப் புரட்டிச் சிலவற்றைக் கண்டபோது மயங்கி விழாத குறை என்று சொல்வார்கள். 1951இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழையிலிருந்து ஒன்றைத் திருடிக்கொண்டு போனார்கள். 1969இல் சாலமன் தீவுகளின் குவாடல்கனால் அருகே முக்குளிப்பவர்கள் அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்து நிறைய எடுத்தார்கள். விலை விழுந்தது. சங்கு மாறவில்லை, அதே அழகு, அதே நுணுக்கமான வலைக்கோலம். அது எங்கே கிடைக்கும் என்ற தகவல் மட்டும்தான் புதிது.

அழகுக்கு விலை கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஏலக்கூடம் பெரும்பாலும் அறியாமைக்குத்தான் விலை கொடுக்கிறது. அந்த அறியாமையும் வாங்குபவருடையதே. கடலுக்குள் இறங்குகிறவருக்குச் சில சமயம் முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொரு பொருள். எட்டுமூலை மரப்பெட்டி, கண்ணாடி மூடி, உள்ளே நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சிப்பிகளை வண்ணம் பிரித்து ஒட்டிச் செய்த பூக்கோலம், நடுவில் இதயமோ காதல் வாசகமோ. இதற்குப் பெயரே மாலுமியின் காதல் பரிசு. 19ஆம் நூற்றாண்டுப் பொருள், ஏலத்தில் நல்ல விலை போகும். நெடுங்கடலில் தனிமையில் வாடிய மாலுமி, ஊரில் காத்திருக்கும் காதலிக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டியது என்பது அதன் கதை. ஒரு பெட்டி பிரிந்து வந்தபோது உள்ளே ஒரு கடைச்சீட்டு இருந்தது. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் பெல்கிரேவ் என்பவர் நடத்திய வினோதப் பொருள் கடையின் சீட்டு. ஆகவே இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை பார்படாஸில் உள்ளூர்க் கைகள் செய்து, கப்பல் இறங்கிய மாலுமிகள் வாங்கிப்போனவை என்பது இப்போது ஏற்கப்பட்ட கருத்து. பெயர் மட்டும் மாறவில்லை, மாலுமியின் பெயரிலேயே இன்றும் விற்கிறது. வாங்கியவனின் காதல் பதிவாயிற்று. ஒட்டியவளின் விரல் நோவு பதிவாகவில்லை.

எண்ணெய் நிறுவனக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நம்மில் பலர் அந்தச் சிப்பி அடையாளத்தின் கீழேதான் காருக்குப் பெட்ரோல் போடுகிறோம். லண்டனின் கிழக்குப் பகுதியில் மார்கஸ் சாமுவேல் என்பவர் கீழை நாட்டுச் சிப்பிகளை இறக்குமதி செய்து விற்றார். சிப்பி பதித்த அலங்காரப் பெட்டிகளுக்கு விக்டோரியா காலத்து வீடுகளில் நல்ல கிராக்கி. அதே பெயர் கொண்ட மகன் எண்ணெய் வணிகத்தில் இறங்கினார். 1892இல் அவருடைய மியூரெக்ஸ் என்ற கப்பல் சூயஸ் கால்வாய் வழியே எண்ணெயைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு போன முதல் கப்பலாயிற்று. மியூரெக்ஸ் என்பது ஒரு முட்சங்கு. அடுத்தடுத்த கப்பல்களுக்கும் சிப்பிப் பெயர்களே. அவற்றில் ஒன்றின் பெயர் காங்க். நம் மொழியில் சொன்னால் சங்கு. அது 1903இல் இலங்கையின் தென்மேற்குக் கரையில், ஹிக்கடுவைக்கு அருகில், பாறையில் மோதி மூழ்கியது. இன்றும் அங்கே முக்குளிக்கப் போகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். சங்கு என்று பெயர் வைத்த கப்பல் சங்கு விளையும் தீவின் கடலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது நம் கடல். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும். நம் முன்னோர் அரிதுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஆயிரம் இப்பி சூழ ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலம் சூழ ஒரு பாஞ்சசன்னியம். ஏலக்காரர் எவரும் இதைவிடச் சுருக்கமாக அரும்பொருள் கொள்கையைச் சொல்லிவிட முடியாது. ஆனால் சங்கு நமக்கு அலமாரிப் பொருள் மட்டுமல்ல. பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டினோம். கோயிலில் ஊதினோம். பாடை கிளம்பும்போதும் ஊதினோம். சங்கறுத்து வளையல் செய்யும் தொழில் சங்க காலத்திலேயே இருந்தது. வேள்வி செய்யாத பார்ப்பனர் சிலர் அரத்தால் சங்கை அறுத்து வளை செய்ததை அகநானூறு சொல்கிறது. கொடுமணல் அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்தன. கொற்கையில் அறுத்துப்போட்ட சங்குத் துண்டுகளைச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் கண்டு எழுதினார். அவர் 1914இல் வெளியிட்ட ‘இந்தியாவின் புனிதச் சங்கு’ இன்றும் இந்தத் துறையின் அடிப்படை நூல்.

சங்கு குளித்தவர்கள் பரதவரும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும். காற்றுக்குழாய் இல்லாமல், மூச்சை அடக்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிய குளியாளிகள். எடுத்த சங்கு அவர்களுடையது அல்ல. சங்குப் படுகை ஆள்பவரின் உரிமை. 1658இல் டச்சுக் கம்பெனி தூத்துக்குடியைப் பிடித்தது. அதன் பிறகு சங்கு வருமானத்தில் அவர்கள் கை. ராமநாதபுரம் கரையில் சேதுபதிகளின் உரிமை. பிறகு ஆங்கிலேயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. குத்தகைக்கு விட்ட படுகையிலிருந்து, கடலடியில் கிடக்கும் சங்கை ஒருவர் எடுத்தால் அது திருட்டாகுமா? அந்த வழக்கு, பாக் நீரிணையின் உரிமை பற்றிய சர்வதேசச் சட்ட விவாதங்களில் இன்றும் பேசப்படுகிறது. சட்ட நூல்களில் அது எல்லைப் பிரச்சினை. குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்கு அது அன்றைய சோறு.

அந்தச் சங்கு எங்கே போயிற்று? பெரும்பகுதி வங்காளத்துக்கு. அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வெள்ளை வளையலுக்குச் சங்கு வேண்டும், வங்கக் கரையில் அது விளையாது. டாக்காவில் சங்காரி பஜார் என்று ஒரு தெருவே இந்தத் தொழிலில் வாழ்ந்தது. 1971 மார்ச்சில் பாகிஸ்தான் ராணுவம் அந்தத் தெருவுக்குள் புகுந்து கொன்றது. பிழைத்தவர்களில் பலர் எல்லை தாண்டினார்கள். ஒரு ஊரின் கைத்தொழில் அகதியாவது எப்படி என்று நம்மில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பால அரசர் காலத்து, 11-12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வலம்புரி இருக்கிறது. மேலே திருமாலும் திருமகளும் நுண்ணியதாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வங்காளம் என்று குறிப்பு சொல்கிறது. செதுக்கிய கை வங்காளத்துக் கை, சரிதான். ஆனால் அந்தச் சங்கு தெற்கிலோ மேற்கிலோ ஏதோ ஒரு கடலிலிருந்து வந்திருக்க வேண்டும். நம் மன்னார்க் கடலாகவும் இருக்கலாம். அதை எடுத்தவர் மூச்சடக்கி மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கையிலிருப்பது சாதாரணச் சங்கல்ல என்று உணர்ந்த ஒரு கணம் இருந்திருக்கும். அதன் உடைமை வரலாற்றின் முதல் வரி அதுதான். எந்தப் பட்டியலிலும் அந்த வரி இல்லை.

நேரலையின் கேள்விப் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “இணைய ஏலத்தில் வலம்புரிச் சங்கு நிறைய வருகிறதே, அண்ணா, நம்பி வாங்கலாமா?” நல்ல கேள்வி, தேவையான கேள்வி. இணையத்தில் வலம்புரி என்று விற்பதில் பல, நம் சங்கே அல்ல. மெக்சிகோ வளைகுடாவில் மின்னல் வெல்க் என்றொரு நத்தை உண்டு. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சிப்பியாக அறிவித்தது. அதன் இனமே இயல்பில் அந்தத் திசையில்தான் சுற்றும். அங்கே கரையில் சாதாரணமாகக் கிடைப்பதை வெளுத்து, மெருகேற்றி, நமக்கு ஆயிரத்தில் ஒன்று என்று விற்கிறார்கள். பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். கூர்நுனி மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். திறப்பு இடப்பக்கம் இருந்தால் வலம்புரிச் சுற்று. இதோடு நின்றுவிடாதீர்கள். வாய்க்குள் விளக்கடித்து நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்காக இருந்தால் தண்டில் மூன்று நான்கு தடித்த மடிப்புகள் வரிவரியாக ஓடும். வெல்க்கில் அப்படி வராது. படத்தில் வாயின் உட்புறம் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று. நாட்டிலஸ் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ராட்சதக் கிளிஞ்சல்களுக்கு அதற்கும் வெகு காலம் முன்பே கட்டுப்பாடு உண்டு. ஆவணம் இல்லாமல் வாங்கினால் சுங்கத்தில் சங்கு ஊதிவிடுவார்கள்.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலர் வீட்டில், பாட்டி வைத்திருந்த ஒரு சங்கோ வெள்ளிப் பாலாடையோ இருக்கும். அதை ஏலத்துக்கு அனுப்பினால் சொற்பம் வரும். அதற்குமுன் ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதி உள்ளே வையுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், எந்தப் பிள்ளைக்கு அதில் பால் கொடுத்தார்கள், தெரிந்தால் எந்தக் கடலில் எடுத்தது. பார்படாஸ் பெட்டிக்குள் கிடந்த ஒரு கடைச்சீட்டு பெரிய கட்டுக்கதையை மாற்றியது. நம் காகிதமும் என்றைக்காவது யாருக்காவது அந்த வேலையைச் செய்யும்.

மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.